கவுட் வலிக்கு நாட்டு மருந்து: சுங்கை சிப்புட் கடையில் இரண்டு வருடம் வாங்கிப் பார்த்ததில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில், ஒரு துணிக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில், வெயில் பட்டுப் பெயர்ப்பலகை வெளுத்துப்போன நாட்டு மருந்துக் கடை ஒன்று இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளம் போதும். பெயரைப் போட்டு எழுத வேண்டாம் என்று கடையை நடத்தும் பெண் (நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்) கேட்டுக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டால் வருகிற ஒவ்வொருவரிடமும் நின்று விசாரிக்க முடியாதே என்று பயப்படுகிறார். அவர் அப்படி விசாரித்ததால்தான் என் வலது கால் இன்று சப்பாத்துக்குள் நுழைகிறது. கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் சேர்ந்து வரும் நோய்) வலிக்கு மூலிகை தேடுகிறவர்கள் இந்தக் கடையில் எதை வாங்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று என் அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக 29 வருடம் வேலை பார்த்தவன். அப்பா அதே தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்கும் இதே நோய்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. கால் வீங்கிய நாட்களிலும் விடியற்காலையில் நொண்டிக்கொண்டே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போவார்; பேர் கொடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கடைசிக் காலத்தில் அவருடைய கைவிரல் முட்டியில் தோல் வெடித்து வெள்ளையாக, ஈரச் சுண்ணாம்பு போல ஒன்று வெளியே வரும். "வெத்தலை ரொம்பப் போடுறாரு, அந்தச் சுண்ணாம்புதான் வெளிய வருது" என்று பக்கத்து லயத்துப் பாட்டி சொல்வார். நாங்களும் நம்பினோம். அது யூரிக் அமில உப்பு. இரத்தத்தில் பல வருடம் அளவுக்கு மீறி நின்றால் மூட்டைச் சுற்றியும், காது மடலில்கூடவும் அப்படிக் கட்டியாகச் சேருமாம். இந்த நோய் குடும்பத்தில் தொடரும் என்பதையும் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு முதலில் வந்தது 2022 தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் இரவு. ஆட்டு ஈரல் பிரட்டல், நண்டு, மூன்று நாளும் மாலையில் பீர். இரவு இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரலின் அடிமுட்டியில் யாரோ ஆணி அறைவது போல ஒரு வலி. விளக்கைப் போட்டுப் பார்த்தால் விரல் சிவந்து பளபளவென்று நிற்கிறது. போர்வை பட்டாலும் கத்தினேன். வீட்டுக்காரம்மா பதறிப்போய், நம் வழக்கப்படி கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். வலி இரண்டு மடங்கானது. அந்த ஒத்தடத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் நான் செய்த பெரிய தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் ஒருவர் விற்ற கறுப்பு உருண்டை. டப்பா 35 வெள்ளி, முழுக்க முழுக்க மூலிகை என்றார். இரவு இரண்டு போட்டேன். காலையில் எழுந்து நடந்தேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. ஐந்து மாதம் விடாமல் சாப்பிட்டேன். முகம் உருண்டையாகிக் கன்னம் உப்பியது. பார்த்தவர்கள் எல்லாம் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். முழங்கையில் லேசாக இடித்தாலும் கன்றிப்போனது. அரசாங்க கிளினிக்கில் பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன மருந்து சாப்பிடுறீங்க? டப்பாவைக் கொண்டு வாங்க" என்றார். சர்க்கரை ஏறியிருந்தது. உருண்டையில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. உடனே நிறுத்திவிடலாம் என்று நான் எழுந்தபோது, அதுதான் இன்னும் ஆபத்து என்று உட்கார வைத்தார். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தானே சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைத்து வெளியே கொண்டுவந்தார்.

மலேசியாவில் மாத்திரை, கேப்சூல், உருண்டை என்று செய்து மருந்தாக விற்கும் பாரம்பரிய மருந்துக்கு எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். எட்டு இலக்கம், முடிவில் டி என்ற எழுத்து. கூடவே சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டு. எண்ணை என்பிஆர்ஏ என்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் எந்த மருந்து என்று வந்துவிடும். மூட்டுவலி மருந்து என்று விற்கப்படுபவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் கண்டுபிடித்து அந்த அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. என் டப்பாவில் எண் இருந்த இடத்தில் ஒரு சாமி படம் இருந்தது. படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். ஒரே இரவில் கவுட் வலியை ஓட்டுகிற மூலிகை என்று யார் எதைக் கொடுத்தாலும் தயவுசெய்து வாயில் போடாதீர்கள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

2023 நடுவில் ஒரு சனிக்கிழமை முதன்முதலாக உள்ளே போனேன். நீளமான, இருட்டான கடை. இரண்டு பக்கமும் மர இழுப்பறைகள், மேலே கண்ணாடிப் புட்டிகள். சுக்கும் வசம்பும் கலந்த மணம். தங்கச்சிக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா தொடங்கிய கடை. "கவுட்டுக்கு ஏதாவது கொடும்மா" என்றேன். எந்த இழுப்பறையையும் அவர் திறக்கவில்லை. "யூரிக் ஆசிட் எவ்வளவுண்ணே? கிட்னி எப்படி இருக்கு? பிரஷர் மாத்திரை என்ன போடுறீங்க? ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க, அப்புறம் தர்றேன்" என்று அனுப்பிவிட்டார். கோபத்தோடுதான் வீடு திரும்பினேன். மறுவாரம் தாளைக் கொண்டுபோனேன். யூரிக் அமிலம் 612 மைக்ரோமோல். 360க்குக் கீழே இருக்க வேண்டியது. கிளினிக்கில் இதற்கு மாத்திரை தொடங்கச் சொல்லியிருந்தார்கள். உருண்டையில் பட்ட சூட்டில் எந்த மாத்திரையும் வேண்டாம் என்று நான் மறுத்திருந்தேன். அதையும் அவரிடம் சொன்னேன்.

அன்று அவர் கொடுத்தது முடக்கத்தான் காய்ந்த இலை, 200 கிராம், 8 வெள்ளி. முடக்கு அறுத்தான் என்பதுதான் முடக்கத்தான் ஆனது என்பார்கள். காற்றடைத்த பச்சைக் காய் தொங்கும் கொடி. தோட்டத்து வேலிகளில் தானாகப் படர்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைப் பிடுங்கி வெடித்து விளையாடியிருக்கிறோமே தவிர, வீட்டில் சமைத்ததில்லை. இட்லி அரிசி இரண்டு கோப்பை, உளுந்து கால் கோப்பை, வெந்தயம் ஒரு தேக்கரண்டி ஊறவைத்து, அரைக்கும்போது ஒரு கைப்பிடி இலையைச் சேர்த்து தோசை வார்க்கச் சொன்னார். பச்சையிலை கிடைத்தால் இன்னும் நல்லது. மாவு கரும்பச்சையாக இருக்கும். ஒரு வாடை அடிக்கும். கல்லில் போட்டு நல்லெண்ணெய் விட்டதும் வாடை போய்விடும். வெங்காயச் சட்னியோடு அருமையாக இருக்கிறது. வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டில் இப்போதும் இதுதான் பசியாற.

பலன் என்ன என்று கேட்பீர்கள். காலையில் எழுந்ததும் கணுக்காலிலும் முழங்காலிலும் இருந்த இறுக்கம் ஆறேழு வாரத்தில் குறைந்தது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன். இது என் உடம்பில் நான் கண்டது. ஆனால் பெருவிரலில் கவுட் வந்து உட்கார்ந்துவிட்ட இரவில் முடக்கத்தான் எதையும் செய்யவில்லை. அதை அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்: "இது சாப்பாடுண்ணே. வலி வந்த அன்னிக்கு இதைத் தேடாதீங்க."

இரண்டாவதாக வாங்கியது பூனைமீசை. மலாய்க்காரர்கள் மீசாய் கூச்சிங் என்பார்கள். பூவில் நீண்ட நரம்புகள் பூனையின் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நம்மில் பலர் வீட்டு வாசலில் வைத்திருக்கிறோம். காய்ந்த இலை 100 கிராம் 6 வெள்ளி. ஒரு கைப்பிடியில் பாதியை மூன்று கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மாலைக்குள் குடித்து முடிப்பேன். சிறுநீர் நன்றாகப் பிரிகிறது. உடம்பிலிருந்து யூரிக் அமிலம் வெளியேறுவதில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இங்கேதான் தங்கச்சியின் கேள்வி உதவியது. என்னுடைய பிரஷர் மாத்திரை ஹைட்ரோகுளோரோதயசைடு. அதுவும் சிறுநீரைப் பெருக்குவது. இரண்டையும் சேர்த்துக் குடித்தால் தலைசுற்றும், உப்புச்சத்து இறங்கும், டாக்டரைக் கேட்காமல் தர மாட்டேன் என்றார். டாக்டரிடம் கேட்கப் போனபோது இன்னொன்று வெளியே வந்தது. அந்த மாத்திரையே யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியது. அவர் வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். மூலிகைக் கடையில் கேட்ட ஒரு கேள்வியால் என் மாத்திரை மாறியது. இதற்காகவே அந்தக் கடைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நெருஞ்சில் முள் கஷாயமும் ஒரு மாதம் குடித்தேன். எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, வயிறு வேறு ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன்.

பற்றுப் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். சுக்கையும் மஞ்சளையும் உரைத்துச் சூடாகப் பற்றுப் போடுவது, உப்பு ஒத்தடம், வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்ப்பது. தலைவலிக்கும் சுளுக்குக்கும் இவற்றைச் செய்வது நம் வழக்கம். கவுட் வேறு. மூட்டுக்குள் ஊசி போன்ற படிகங்கள் இருக்கின்றன. உடம்பு அவற்றோடு சண்டை போடுவதால்தான் அந்தச் சிவப்பும் சூடும். ஏற்கெனவே எரிகிற இடத்தில் சூட்டை வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் தீபாவளி இரவிலேயே பட்டுவிட்டேன். 2023 ஆகஸ்டில் மறுபடி வலி வந்தபோது கடைக்கு போன் போட்டு, பற்றுக்கு ஏதாவது தரச் சொன்னேன். "ஒண்ணும் போடாதீங்கண்ணே. ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி இருபது நிமிஷம் வைங்க, காலைத் தலகாணி மேல தூக்கி வைங்க, தேய்க்காதீங்க, கிளினிக்குக்குப் போங்க" என்றார். ஐஸ் வைத்த கால் மணி நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கும் அளவுக்காவது ஆனது. விற்க வேண்டிய மருந்தை விற்காமல், காசில்லாத ஐஸ் கட்டியைச் சொன்ன கடைக்காரர் அவர்.

வலி இல்லாத நாளில் முழங்காலுக்குத் தேய்க்க வாதநாராயணன் தைலம் வாங்கினோம், புட்டி 15 வெள்ளி. இது வீட்டுக்காரம்மாவின் தேய்மான வலிக்கு நன்றாகக் கேட்கிறது. என் நோய்க்கு இல்லை.

இப்படி மூன்று மாதம் மூலிகையும் பத்தியமும் மட்டுமாக இருந்து மறுபடி இரத்தம் எடுத்தேன். 598. அறுநூற்றுச் சொச்சத்திலிருந்து பதினான்கு புள்ளி இறங்கியிருக்கிறது. அந்தத் தாளைக் கடையில் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கச்சி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கப்பா இருந்தால் சொல்லியிருப்பதைத்தான் நானும் சொல்கிறேன் என்று தொடங்கினார். "என் இலை உங்க உடம்பை லேசாக்கும். இந்த நம்பரை இறக்காது. டாக்டர் சொன்ன மாத்திரையை ஆரம்பிங்கண்ணே."

அந்த மாத்திரை அலோபியூரினால். யூரிக் அமிலம் உண்டாவதையே குறைப்பது. அக்டோபரில் 100 மில்லிகிராமில் தொடங்கி, இரத்தம் பார்த்துப் பார்த்து 300 வரை கூட்டினார்கள். தொடங்கும்போது டாக்டர் இரண்டு எச்சரிக்கை கொடுத்தார். ஒன்று, தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சீன வம்சாவளியினருக்கு இந்த ஆபத்து கூடுதல், அது மரபணுவில் இருப்பது. என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒருவருக்கும் கவுட் உண்டு. ஓடிப்போய் அவரிடம் இதைச் சொன்னேன். இரண்டாவது எச்சரிக்கை, தொடங்கிய சில மாதங்களில் வலி அடிக்கடி வரலாம், அதனால் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. பழைய படிகங்கள் கரையும்போது அப்படி ஆகும். அதே மாதிரி இரண்டாம் மாதம் இடது கணுக்காலில் வந்தது. பலர் இந்த இடத்தில்தான் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கி எறிகிறார்கள். நானும் எறிந்திருப்பேன். கடைக்குப் பூனைமீசை வாங்கப் போனபோது தங்கச்சி என் முகத்தைப் பார்த்துக் கேட்டு, திருப்பி கிளினிக்குக்கு அனுப்பினார். 2024 ஜூனில் 348. இந்த வருடம் முழுக்க ஒருமுறைகூட வலி வரவில்லை.

வலிக்குக் கிளினிக்கில் கொடுத்த இன்னொரு மாத்திரை கோல்சிசின், அரை மில்லிகிராம். அதைப் பற்றி இந்தக் கடையில் கேட்ட செய்தியை நான் மறக்க மாட்டேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பூவின் படம் மாட்டியிருக்கிறது. தீ நாக்குகள் போல மேலே வளைந்த இதழ்கள், நுனி சிவப்பு, அடி மஞ்சள். செங்காந்தள். கார்த்திகைப் பூ என்றும் சொல்வோம். தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற சரக்குதான் கோல்சிசின். ஐரோப்பாவில் அதே சரக்கை வேறொரு பூச்செடியிலிருந்து 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். அதே வருடம், அதே இருவர், சின்கோனா பட்டையிலிருந்து கொய்னாவையும் பிரித்தார்கள். தோட்டத்தில் மலேரியாவுக்குப் பாட்டன்மார் முகம் சுளித்துக் குடித்த அந்தக் கசப்புக் கொய்னா. இன்று திண்டுக்கல், கரூர் பக்கம் விவசாயிகள் செங்காந்தளை விதைக்காகவே பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது உங்களுக்கும் தோன்றும். அப்படியானால் கிழங்கையே வாங்கி அரைத்துவிடலாமே? கடைக்கு மாதம் ஒருவராவது இப்படிக் கேட்டு வருகிறார்களாம். அவர் விற்பதில்லை. செங்காந்தள் கிழங்கு கொடிய விஷம். மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து கொடுப்பதைக் கிழங்கில் யாரும் அளக்க முடியாது. அளவு மீறினால் முதலில் வாந்தி, வயிற்றோட்டம். பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழக்கும். காப்பாற்ற மாற்று மருந்து கைவசம் இல்லை. நம் ஊர்ப் பக்கம் உயிரை மாய்த்துக்கொள்ள இந்தக் கிழங்கைத் தின்றவர்களின் கதை பெரியவர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தை அவருடைய அப்பா மாட்டியதே, கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டி மறுப்பதற்குத்தானாம். அளந்து கொடுத்த மாத்திரையே எனக்கு இரண்டு நாள் வயிற்றைக் கலக்கியது.

அவர் எனக்குத் தர மறுத்தவை வேறும் உண்டு. பத்தாவாலி என்கிற கசப்புக் கொடி, நம் சீந்திலின் இனம்; ஈரல் கெட்டுப்போன சம்பவங்கள் இருப்பதால் அலோபியூரினால் சாப்பிடுகிறவனுக்குத் தர மாட்டேன் என்றார். ஈயம் போன்ற உலோகம் இருக்கக்கூடிய பஸ்பம், செந்தூரம் எதுவும் கடையில் கிடையாது. முறையாகப் படித்த சித்த வைத்தியர் கையில் அது வேறு. பொட்டலமாக வாங்கித் தின்பது வேறு. ஈயம் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் கெட்டு அதனாலேயே கவுட் வரும். நோயை விலை கொடுத்து வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி. என் கட்சியும் இப்போது அதுதான்.

சாப்பாட்டைப் பற்றி அங்கே பேசியதில் ஒன்று என்னை மிகவும் ஆறுதல்படுத்தியது. நம்மவர்கள் கவுட் என்றதும் பருப்பு, கடலை, கீரை, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். சாம்பார் இல்லாத வீடாக ஒரு வருடம் இருந்தோம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் கவனித்திருக்கிறார்கள். இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பருப்பும் கீரையும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி வரவில்லை. கொழுப்பு நீக்கிய பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. என் மகள் இதைத் தேடிப் படித்துக் காட்டினாள், டாக்டரும் ஆமோதித்தார். அன்று மாலையே சாம்பார் வைத்தோம். நான் விட்டது பீர், ஈரல், கெராங் சிப்பி, சார்டின், கைநிறைய இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலி. இவற்றோடு சீனி போட்ட பாட்டில் தண்ணீர்களும். இனிப்புப் பானத்தில் இருக்கும் பழச்சர்க்கரை யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது. கோயில் திருவிழாவில் சிராப் தண்ணீரை நாலு கிளாஸ் குடிப்பவன் நான், இப்போது மோர்.

செர்ரிப் பழம் நல்லது என்றும் சொல்கிறார்கள். 2012இல் 633 கவுட் நோயாளிகளிடம் பார்த்ததில், செர்ரி சாப்பிட்ட இரண்டு நாட்களில் வலி வரும் வாய்ப்பு 35 விழுக்காடு குறைவாக இருந்ததாம். நம் ஊரில் செர்ரி விற்கும் விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. வாங்கக்கூடியவர்கள் சாப்பிட்டுப் பார்க்கலாம், கெடுதல் இல்லை.

கடையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பொட்டலங்களில் பெயர் மட்டும் பேனாவால் எழுதியிருக்கும். எப்போது பொட்டலம் கட்டியது, எதுவரை வைத்திருக்கலாம் என்று எதுவும் இருக்காது. ஒருமுறை சுக்குத் தூளில் வண்டு இருந்தது. எடுத்துப்போய்க் காட்டியதும் மன்னிப்புக் கேட்டு வேறு கொடுத்தார், ஆனாலும் தேதி எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை. அரைக்கும் மெஷின் ஒன்றுதான். மிளகாய் அரைத்த அதே மெஷினில் முடக்கத்தானை அரைத்துக் கொடுத்து, தோசை காரமாகிப்போனது. அதிலிருந்து நான் இலையாகவே வாங்கி வீட்டில் பொடிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இலையாக இருந்தால் என்ன இலை என்று கண்ணாலும் பார்க்கலாம். விலையும் ஈப்போவோடு பார்த்தால் சில சரக்குகளுக்கு ஒன்று இரண்டு வெள்ளி கூடுதல். ஈப்போ போய்வர எண்ணெய்ச் செலவைக் கணக்குப் போட்டால் நான் இங்கேயே வாங்கிவிடுவேன். அப்புறம், உட்கார ஒரே ஒரு நாற்காலி. கால் வலியோடு வருகிறவர்கள் கடைக்கு இன்னும் இரண்டு நாற்காலி வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். இந்தத் தைப்பூசத்துக்குள் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாதம் எனக்கு இங்கே ஆகும் செலவு 20 வெள்ளிக்குள். கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி, மாத்திரையும் அதற்குள்ளேயே. உருண்டைக்கு ஐந்து மாதத்தில் நான் கொடுத்தது 350 வெள்ளி.

செவ்வாய்க்கிழமை கடை இல்லை. மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார், மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டுக்கு மூடுகிறார். சனிக்கிழமை காலையில் பூக்கடைக்கு வரும் வண்டிகளால் முன்னால் நிறுத்த இடம் கிடைக்காது; பின்பக்கச் சந்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவது சுலபம். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளையும், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.